கிரீன் டீ குடித்தால் புற்றுநோய் வராதா?

கிரீன் டீ டப்பா ஒன்றைத் திருப்பிப் பாருங்கள். ஆன்டி ஆக்சிடன்ட் நிறைந்தது, புத்துணர்ச்சி தரும், உடம்பை லேசாக வைத்திருக்கும் என்று என்னென்னவோ அச்சடித்திருப்பார்கள். புற்றுநோய் என்ற சொல் மட்டும் பெரும்பாலும் கண்ணில் படாது. ஆனால் கசந்தாலும் பரவாயில்லை என்று விடாமல் குடிப்பவர்களில் பலர் மனதில் இருப்பது அந்தச் சொல்தான். விற்பவர் சொல்லத் தயங்குவதை வாங்குபவர் தாமாகவே நம்பிக்கொள்ளும் விசித்திரமான வியாபாரம் இது.

தயக்கத்துக்குப் பின்னால் ஒரு கதை உண்டு. புற்றுநோய் அபாயத்தைக் குறைக்கும் என்று கிரீன் டீ டப்பாவில் எழுதிக்கொள்ளலாமா என்று அமெரிக்காவின் உணவு மற்றும் மருந்து நிர்வாகத்திடம் மனுப் போட்டார்கள். 2005-இல் பதில் வந்தது. இரைப்பை, நுரையீரல், பெருங்குடல், உணவுக்குழாய், கணையம் என்று ஒவ்வொன்றாகப் பார்த்து, நம்பத்தக்க ஆதாரம் இல்லை என்று தள்ளிவிட்டார்கள். மார்பகம், புராஸ்டேட் இரண்டுக்கு மட்டும் ஒரு வாசகத்தை அனுமதித்தார்கள். மார்பகப் புற்றுநோய்க்கான வாசகத்தின் சாரம் இது: இரண்டு ஆய்வுகளில் பலன் தெரியவில்லை, அவற்றைவிடப் பலவீனமான ஓர் ஆய்வு பலன் இருக்கலாம் என்கிறது, இவற்றை வைத்துப் பார்த்தால் கிரீன் டீ அந்த அபாயத்தைக் குறைக்கும் என்பதற்கு வாய்ப்பு மிக மிகக் குறைவு.

எந்தக் கம்பெனி இதைத் தன் டப்பாவில் அச்சடிக்கும்? விஷயம் நீதிமன்றம் வரை போனது. 2012-இல் வந்த தீர்ப்புக்குப் பிறகு வாசகம் கொஞ்சம் மென்மையானது. ஆனால் 'இதற்கு அறிவியல் ஆதாரம் மிகக் குறைவு' என்ற வால் மட்டும் ஒட்டிக்கொண்டே இருந்தது.

சரி, அவ்வளவு பலவீனமான விஷயம் என்றால் இந்த நம்பிக்கை எங்கிருந்து வந்தது? வெறும் வதந்தி என்று ஒதுக்கிவிட முடியாது. ஆய்வுக்கூடத்தில் அது உண்மையிலேயே பிரமாதமாக வேலை செய்தது.

எல்லாத் தேயிலையும் ஒரே செடியிலிருந்துதான் வருகிறது. பறித்த இலையைக் கசக்கி, காற்று பட வைத்தால் அதிலுள்ள நொதிகள் வேலையைத் தொடங்கி இலை கறுத்துவிடும்; அது சாதாரண டீத்தூள். பறித்த கையோடு ஆவியிலோ வாணலியிலோ சூடு காட்டி அந்த நொதிகளை முடக்கிவிட்டால் பச்சை மாறாமல் நிற்கும்; அது கிரீன் டீ. இந்த ஒரு சூட்டினால் காப்பாற்றப்படுபவை கேட்டச்சின்கள் என்ற துவர்ப்புப் பொருள்கள். அவற்றில் அதிகமாக இருப்பது ஈஜிசிஜி. நாக்கை இழுத்துப் பிடிக்கிற அந்தத் துவர்ப்புக்கு முக்கியக் காரணமும் இதுவே. 1987-இல் ஜப்பானிய ஆய்வாளர் ஹிரோட்டா ஃபுஜிகியின் குழு, எலியின் தோலில் இந்த ஈஜிசிஜியைத் தடவினால் கட்டி வளர்வது தடைபடுகிறது என்று காட்டியது. அதற்குப் பிறகு எலிகளின் நுரையீரல், குடல், தோல், ஈரல் என்று பல உறுப்புகளில் பல ஆய்வுக்கூடங்கள் சோதித்தன. பெரும்பாலும் நல்ல செய்திதான் வந்தது. கண்ணாடித் தட்டில் வளர்த்த மனிதப் புற்றுச் செல்கள் மீது ஊற்றினால் அவை செத்தே போயின.

கண்ணாடித் தட்டிலிருந்து கோப்பைக்கு வரும் வழியில்தான் கதை மாறுகிறது. ஒரு கோப்பையை மட்டும் எடுத்துப் பின்தொடர்ந்து போவோம். இரண்டு கிராம் இலை, ஒரு டம்ளர் வெந்நீர், மூன்று நிமிடம். கோப்பையில் இறங்கும் ஈஜிசிஜி, இலையின் தரத்தையும் ஊறும் நேரத்தையும் பொறுத்து, 50 முதல் 100 மில்லிகிராம் வரை இருக்கும். வாயைத் தாண்டும்வரை எல்லாம் நன்றாகத்தான் போகிறது. குடலுக்குப் போனதும் பெரும்பகுதி ரத்தத்தில் சேராமலேயே நின்றுவிடுகிறது. குடல் பாக்டீரியாக்கள் அதை உடைத்து வேறு பொருள்களாக மாற்றிவிடுகின்றன. தப்பித்து உள்ளே போகும் கொஞ்சத்தையும் ஈரல் வேறு மூலக்கூறுகளை ஒட்டவைத்து உருமாற்றிவிடுகிறது. சுமார் இரண்டு மணி நேரத்தில் ரத்தத்தில் அதன் அளவு உச்சம் தொடும். அப்புறம் இறங்குமுகம். இரண்டு மூன்று கோப்பை குடித்தவரின் ரத்தத்தில் அந்த உச்சநேரத்தில் இருக்கும் அடர்த்தியோடு ஒப்பிட்டால், கண்ணாடித் தட்டில் செல்களைக் கொன்ற அடர்த்தி பத்து மடங்கிலிருந்து நூறு மடங்கு வரை அதிகம். ஒரு சிட்டிகை உப்புப் போட்ட தண்ணீரையும் ஊறுகாய் ஜாடியையும் ஒப்பிடுவது போலத்தான்.

இன்னொரு சங்கடமும் உண்டு, இது வேதியியலாளர்களுக்கே தாமதமாகத்தான் உறைத்தது. செல்களை வளர்க்கும் ஊட்டக் கரைசலில் ஈஜிசிஜி நிலையாக இருப்பதில்லை. ஆக்சிஜனோடு வினைபுரிந்து ஹைட்ரஜன் பெராக்சைடை உண்டாக்குகிறது, புண்ணைக் கழுவப் பயன்படுத்துகிறோமே அதே பொருள். ஆக, தட்டில் செத்த செல்களில் ஒரு பகுதியைக் கொன்றது தேயிலையா, பெராக்சைடா? ஆக்சிஜன் வினையைத் தடுக்கும் ஆன்டி ஆக்சிடன்ட் என்று பெயர் வாங்கிய பொருள் அங்கே அதற்கு நேர்மாறான வேலையைப் பார்த்திருக்கிறது. 'கிரீன் டீ புற்றுச் செல்களை அழிக்கிறது' என்ற தலைப்பைப் பார்க்கும்போதெல்லாம் அழிந்த செல் எங்கே இருந்தது என்று கேட்டுவிடுவது என் வழக்கம். பெரும்பாலும் தட்டில்தான் இருந்திருக்கும்.

மனிதர்களிடம் என்ன தெரிந்தது? காலங்காலமாக கிரீன் டீ குடிக்கும் நாடுகளில் பார்ப்பதுதான் நேர்வழி. ஜப்பானின் சைத்தாமா பகுதியில் எட்டாயிரத்துச் சொச்சம் பேரைப் பல வருடம் பின்தொடர்ந்து 1997-இல் வெளியான ஆய்வு, நாளுக்குப் பத்துக் கோப்பைக்கு மேல் குடித்தவர்களுக்குப் புற்றுநோய் தாமதமாக வந்ததாகச் சொன்னது. உலகம் முழுக்க இது பரவியது. 2001-இல் அதே ஜப்பானின் மியாகி மாவட்டத்திலிருந்து இன்னொன்று வந்தது: 26,311 பேர், அவர்களில் 419 பேருக்கு இரைப்பைப் புற்றுநோய். நாளுக்கு ஐந்து கோப்பையும் அதற்கு மேலும் குடித்தவர்களுக்கும் ஒரு கோப்பைக்கும் குறைவாகக் குடித்தவர்களுக்கும் இடையே பாதுகாப்பு என்று சொல்லும்படி எந்த வித்தியாசமும் இல்லை. 2006-இல் அதே மாவட்டத்தில் 40,530 பேரை வைத்து வந்த ஆய்வு இன்னும் சுவாரசியமானது. ஐந்து கோப்பையும் அதற்கு மேலும் குடித்த பெண்களிடம் இதயநோய், பக்கவாதம் போன்ற ரத்தநாள நோய்களால் ஏற்பட்ட மரணம் 31 சதவீதம் குறைவு, ஆண்களிடம் 22 சதவீதம் குறைவு. புற்றுநோய் மரணத்தில் மட்டும் மாற்றமில்லை. கிரீன் டீக்கு வேறு ஏதாவது நல்ல பெயர் வாங்கித் தர வேண்டும் என்றால் இதயத்தின் பக்கம் போவதுதான் புத்திசாலித்தனம் என்று எனக்குத் தோன்றுகிறது.

ஆய்வுகள் ஏன் இப்படி ஆளுக்கொரு பக்கம் இழுக்கின்றன? டீ குடிப்பவர் டீ மட்டும் குடிப்பதில்லை என்பதுதான் முதல் காரணம். ஜப்பானில் அதிகம் கிரீன் டீ குடித்த ஆண்களிடையே புகைப்பழக்கமும் அதிகமாக இருந்தது. மேற்கத்திய நாடுகளில் நிலைமை தலைகீழ்: கிரீன் டீ பக்கம் போகிறவர்கள் ஏற்கெனவே உடம்பைப் பற்றிக் கவலைப்படுகிறவர்கள், நடப்பார்கள், காய்கறி சாப்பிடுவார்கள், சிகரெட்டைத் தொடமாட்டார்கள். ஆக ஒரே பானம் ஓர் ஊரில் கெட்ட சகவாசத்திலும் இன்னோர் ஊரில் நல்ல சகவாசத்திலும் மாட்டிக்கொண்டிருக்கிறது. ஜப்பானின் ஆறு பெரிய ஆய்வுகளைச் சேர்த்து, 2 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் தரவை அலசியபோது, இரைப்பைப் புற்றுநோய் அபாயம் அதிகம் குடித்த பெண்களிடம் மட்டும் கொஞ்சம் குறைந்து தெரிந்தது, ஆண்களிடம் தெரியவில்லை. பெண்களின் உடம்பில் தேயிலை வேறு மாதிரி வேலை செய்கிறதா, அல்லது பெண்கள் புகைக்காததால் சிறிய பலன் மறையாமல் தெரிகிறதா என்ற கேள்வி அப்படியே நிற்கிறது. ஷாங்காயில் சுமார் 70,000 பெண்களைப் பின்தொடர்ந்த ஆய்வில் தவறாமல் டீ குடித்தவர்களுக்குப் பெருங்குடல் புற்றுநோய் குறைவாக இருந்தது. அந்தப் பெண்களிலும் புகைப்பவர்களும் மது அருந்துபவர்களும் மிகக் குறைவு.

நோய் வந்தவர்களிடம் போய் 'முன்பு எவ்வளவு டீ குடித்தீர்கள்' என்று கேட்கும் ஆய்வுகளில் இன்னொரு பொறி இருக்கிறது. இரைப்பையில் புற்று மெல்ல வளரும்போதே வயிறு சரியில்லாமல் போகும். வயிறு சரியில்லாதவர் துவர்ப்பான டீயை முதலில் நிறுத்துவார். பிறகு கணக்கெடுத்தால் நோயாளிகள் எல்லாம் குறைவாக டீ குடித்தவர்களாகத் தெரிவார்கள். டீ நோயைத் தடுத்ததுபோல் தோன்றும். உண்மையில் நோய்தான் டீயைத் தடுத்திருக்கும்.

இந்தக் குழப்பத்தை வெட்ட ஒரே வழி, சீட்டுக் குலுக்கி ஒரு பாதிக்குத் தேயிலைச் சாற்று மாத்திரையும் மறுபாதிக்கு அதே மாதிரி தோன்றும் வெற்று மாத்திரையும் கொடுத்துப் பார்ப்பது. 2006-இல் இத்தாலியில் அப்படி ஒன்று செய்தார்கள். புராஸ்டேட்டில் புற்றுக்கு முந்தைய மாற்றம் தென்பட்ட 60 ஆண்கள். பாதிப் பேருக்கு நாளுக்கு 600 மில்லிகிராம் கேட்டச்சின். ஒரு வருடம் கழித்துப் பார்த்தால் வெற்று மாத்திரை சாப்பிட்ட 30 பேரில் 9 பேருக்குப் புற்றுநோய். கேட்டச்சின் சாப்பிட்ட 30 பேரில் ஒருவருக்கு மட்டும். படிக்கும்போதே நிமிர்ந்து உட்கார வைக்கும் எண்கள். ஆனால் 60 பேர் என்பது மிகச் சின்னக் கூட்டம். அங்கே இரண்டு மூன்று பேர் இடம் மாறினாலே முடிவு ஆட்டம் காணும். 2015-இல் அமெரிக்காவில் இதேபோன்ற 97 ஆண்களிடம் செய்து பார்த்தபோது சாற்றுப் பக்கம் 49 பேரில் 5 பேர், வெற்று மாத்திரைப் பக்கம் 48 பேரில் 9 பேர். வித்தியாசம் இருப்பதுபோலத் தெரியும், ஆனால் தற்செயலாகவே வந்திருக்கக்கூடிய அளவுதான்.

பெருங்குடலிலும் இதே கதை. ஜப்பானில் 136 பேரிடம், குடலில் முளைத்த சதைக்கட்டிகளை அகற்றிய பிறகு ஒரு பாதிக்குச் சாற்று மாத்திரை கொடுத்தார்கள். ஒரு வருடத்தில் கட்டி மறுபடி வந்தது மாத்திரை சாப்பிட்டவர்களில் 15 சதவீதம், சாப்பிடாதவர்களில் 31 சதவீதம். பாதிக்குப் பாதி. அங்கே வெற்று மாத்திரை கொடுக்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். பின்னர் ஜெர்மனியில் ஆட்களையும் அதிகமாக்கி, வெற்று மாத்திரையும் வைத்து, மூன்று வருடம் பொறுமையாகப் பார்த்தார்கள். முடிவு 2022-இல் வந்தது: கட்டி மறுபடி வந்தது சாற்றுப் பக்கம் 51.1 சதவீதம், வெற்று மாத்திரைப் பக்கம் 55.7 சதவீதம். தராசு சாற்றின் பக்கம் ஒரு நூல் சாய்ந்திருக்கிறது, நிரூபணம் என்று சொல்லும் அளவுக்கு இல்லை. மினசோட்டாவில் ஆயிரத்துச் சொச்சம் பெண்களுக்கு ஒரு வருடம் அதிக அளவு ஈஜிசிஜி கொடுத்து மார்பகத் திசுவின் அடர்த்தி குறைகிறதா என்று பார்த்தார்கள்; அடர்த்தி அதிகமாக இருந்தால் மார்பகப் புற்றுநோய் அபாயமும் அதிகம். மொத்தத்தில் குறையவில்லை.

கூட்டம் பெரிதாகப் பெரிதாக, கவனம் கூடக் கூட, பலன் சுருங்கிக்கொண்டே போகும் இந்தப் போக்கு மருத்துவ ஆய்வுகளைத் தொடர்ந்து படிப்பவர்களுக்குப் பழக்கமானது. கிரீன் டீயில் ஒன்றுமே இல்லை என்று இதற்கு அர்த்தமில்லை. இருந்தால் அது சிறியது, சில உறுப்புகளில் மட்டும், சில மனிதர்களிடம் மட்டும் என்றுதான் ஊகிக்க முடிகிறது. மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடும் காக்ரேன் அமைப்பு 2020-இல் 142 ஆய்வுகளையும், அவற்றுக்குள் இருந்த 11 லட்சத்துக்கும் அதிகமானவர்களையும் ஒரே மேசையில் வைத்து அலசியது. அவற்றில் 131 ஆய்வுகள் வெறுமனே பார்த்துக் கணக்கெடுத்தவை. மாத்திரை கொடுத்துச் சோதித்தவை 11 மட்டுமே. முடிவுகள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லை, தடுக்கும் என்பது நிரூபணமாகவில்லை என்று எழுதிவைத்தார்கள். 2009-இல் 51 ஆய்வுகளை வைத்து அவர்களே எழுதியதும் ஏறக்குறைய இதைத்தான்.

டீ தடுக்குமா என்று இவ்வளவு கேட்கிறோம், டீயால் வருமா என்று யாரும் கேட்பதில்லை. வரலாம், ஆனால் குற்றவாளி இலை இல்லை, சூடு. 65 டிகிரிக்கு மேற்பட்ட பானங்களை, அது டீயோ காபியோ வெந்நீரோ, உணவுக்குழாய்ப் புற்றுநோயை உண்டாக்க வாய்ப்புள்ளவை என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2016-இல் வகைப்படுத்தியது. ஈரானின் கோலஸ்தான் பகுதியில் உணவுக்குழாய்ப் புற்றுநோய் மிக அதிகம்; அங்கே 50,000 பேரைத் தெர்மாமீட்டரும் கையுமாகப் பின்தொடர்ந்தபோது, 60 டிகிரிக்கு மேற்பட்ட டீயை நாளுக்கு 700 மில்லிலிட்டருக்கு மேல் குடித்தவர்களுக்கு அபாயம் 90 சதவீதம் கூடுதலாக இருந்தது. அங்கே குடிப்பது கறுப்பு டீ. கிரீன் டீ அதிகம் குடிக்கும் சீனாவில் நாலரை லட்சம் பேரிடம் செய்த ஆய்வு 2018-இல் வேறொரு நுணுக்கத்தைக் காட்டியது. கொதிக்கக் கொதிக்க டீ குடிப்பவர் அளவுக்கு மீறி மதுவும் குடித்தால் அபாயம் ஐந்து மடங்கு. புகையும் பிடித்தால் இரண்டு மடங்கு. இரண்டும் இல்லாதவருக்குச் சூடான டீ மட்டும் தனியாக அபாயத்தைக் கூட்டவில்லை. வெந்துபோன உள்தோல் மற்ற விஷங்களுக்குக் கதவைத் திறந்துவிடுகிறது என்பதே இதற்குச் சொல்லப்படும் விளக்கம். கிரீன் டீ குடிப்பவர்கள் இங்கே கொஞ்சம் அதிர்ஷ்டசாலிகள். கொதிக்கும் தண்ணீரை ஊற்றினால் கிரீன் டீ கசந்துவிடும் என்பதால் 70, 80 டிகிரியில்தான் ஊறவைக்கச் சொல்வார்கள். ஊறி, வடிகட்டி, கோப்பைக்கு வருவதற்குள் சூடு ஓரளவு தணிந்திருக்கும்.

கோப்பை இப்படி என்றால் மாத்திரை வேறு ரகம். தேயிலைச் சாறு அடைத்த கேப்சூலை 'டீதானே' என்று நினைப்பதில்தான் ஆபத்து. வெறும் வயிற்றில் ஒரே மூச்சில் போகும் சாறு ஈரலைத் தாக்கிய சம்பவங்கள் பல நாடுகளில் பதிவாகியுள்ளன. 2003-இல் பிரான்சிலும் ஸ்பெயினிலும் அப்படியொரு எடைக்குறைப்பு மாத்திரையைச் சந்தையிலிருந்து எடுத்தார்கள். மினசோட்டா பெண்களில், ஈரல் பாதிப்பைக் காட்டிக்கொடுக்கும் நொதிகள் ரத்தத்தில் உயர்ந்தது சாறு சாப்பிட்டவர்களிடம் பல மடங்கு அதிகமாக இருந்தது. நாளுக்கு 800 மில்லிகிராமும் அதற்கு மேலும் ஈஜிசிஜியை மாத்திரையாக எடுப்பது ஈரலுக்கு நல்லதில்லை என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018-இல் சொன்னது. வழக்கம்போல் இலையை ஊறவைத்துக் குடிக்கும் டீயைப் பொதுவாகப் பாதுகாப்பானது என்று அதே அறிக்கையே சொல்லிவிட்டது.

ஏற்கெனவே புற்றுநோய்க்குச் சிகிச்சை எடுப்பவர்கள்தான் இந்த இடத்தில் ரொம்பக் கவனமாக இருக்க வேண்டும். போர்டெசொமிப் என்று ஒரு மருந்து, எலும்பு மஜ்ஜையில் வரும் மைலோமா என்ற புற்றுநோய்க்குத் தருவது. ஈஜிசிஜியையும் சேர்த்துக் கொடுத்தால் மருந்தின் வீரியம் கூடும் என்ற எதிர்பார்ப்பில் அமெரிக்க ஆய்வாளர்கள் சோதித்தார்கள். 2009-இல் அவர்கள் வெளியிட்டது நேர்மாறான முடிவு. அந்த மருந்தின் மூலக்கூறில் போரான் சேர்ந்த ஒரு முனை உண்டு. அதுதான் புற்றுச் செல்லைப் பிடிக்கும் கை. ஈஜிசிஜி அந்தக் கையையே போய்ப் பிடித்துக்கொண்டது. எலியில் மருந்து வேலை செய்யவே இல்லை, கட்டி பாட்டுக்கு வளர்ந்தது.

மருத்துவர் வழக்கம்போல் 'வேற ஏதாவது மாத்திரை சாப்பிடுறீங்களா' என்று கேட்பார். நோயாளியும் மனசாட்சிப்படி 'இல்லீங்க டாக்டர்' என்பார். வீட்டில் அலமாரியில் இருக்கும் பச்சை நிறக் குப்பி அவர் நினைவுக்கே வராது. அவர் கணக்கில் அது மருந்தே இல்லை, டீ. அடுத்த முறை போகும்போது அந்தக் குப்பியைப் பைக்குள் போட்டுக்கொண்டு போய் மேசைமேல் வைத்துவிட்டால் போதும். பின்பக்கத்துச் சின்ன எழுத்தில் எத்தனை மில்லிகிராம் என்று போட்டிருக்கும், அதை டாக்டர் படித்துக்கொள்வார்.